சாம்பிராணி படிந்த கண்ணாடி

டிவிடி பிளேயர் படம் ஓட்டாமல் திக்கித் திக்கி நின்றால் முதல் வேலை அதன் கண்ணைத் துடைப்பது. கண் என்றால் உள்ளே இருக்கும் லென்ஸ். மூடியைக் கழற்றினால் மிளகளவுக்கு நீலமாக மினுங்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, தூங்கி எழுந்த குழந்தையின் கண்பீளையை எடுப்பதுபோல ஒரே ஒரு சுற்று. வந்த பிளேயர்களில் பாதி அதோடு பிழைத்துவிடும். திருமயம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை போட்டு வருஷக்கணக்கில் இதைத்தான் செய்தேன். யாரிடமும் படிக்கவில்லை. கெட்டுப்போனதை வாங்கிவந்து பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் விழித்து விழித்துக் கற்றுக்கொண்டது. "இவருகிட்ட குடுத்தா ஒண்ணு பாடிக்கிட்டு வரும், இல்லாட்டி உதிரியா பையில வரும்" என்று என் மனைவி வருகிறவர்களிடமே சொல்வாள். சொல்லிவிட்டு அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீரும் கொடுப்பாள்.

எனக்கு வாய் அதிகம். அதுவும் அவள் சொன்னதுதான். துடைக்கிற நேரம் கொஞ்சம், துடைத்ததைப் பற்றிப் பேசுகிற நேரம் நிறைய. அந்த வாய்தான் கடைசியில் வேலை வாங்கிக்கொடுத்தது. எல்லாரும் போனிலேயே படம் பார்க்க ஆரம்பித்துக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த சமயம், பக்கத்துக் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் தன் வீட்டு பிளேயரைக் கொண்டுவந்தார். உள்ளே இருப்பது லேசர், அதை ஏன் நேராகப் பார்க்கக் கூடாது, சிடியின் வெளிச்சம் ஏன் கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"எங்க லேப்லயும் ஒரு லேசர் இருக்குங்க. அடிக்கடி கோணிக்குது. வந்து பாக்குறீங்களா?"

போனேன். அப்படியே தங்கிவிட்டேன்.

அந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நான் சொல்வது விளங்காது. கனமான இரும்பு மேசை. மேலே பெட்டிபோல மூடி. மூடிக்குள் கண்ணாடிகளும் லென்ஸ்களும். ஒரு மூலையிலிருந்து லேசர் கிளம்பி, கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, கடைசியில் ஒரு மைக்ராஸ்கோப்பின் லென்ஸ் வழியாக ஊசிமுனையைவிடச் சின்னப் புள்ளியாகக் குவியும். இந்த வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிருமி நீந்தி வந்தால், வெளிச்சம் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். புள்ளியை நகர்த்தினால் கிருமியும் கூடவே நகரும். தலைமுடியைவிட மெல்லிய வாய்க்கால் வழியாக அதைத் தள்ளிக்கொண்டு போய், தனியாக ஒரு குழியில் விட்டுவிடலாம். தொடாமல், குத்தாமல், வெளிச்சத்தாலேயே கிள்ளி எடுக்கிற வேலை.

லேபில் கூட்டிப் பெருக்கிக் கண்ணாடிச் சாமான் கழுவும் அக்கா ஒருவர் உண்டு. என்னைவிட மூத்தவர். நான் இதை விளக்கிச் சொன்னபோது இடுப்பில் கை வைத்து முழுக்கக் கேட்டார்.

"வெளிச்சத்துக்கு ஏது தம்பி கையி, கிள்ளுறதுக்கு?"

"அதான்க்கா அதிசயம்."

"அதிசயமெல்லாம் சரி. கழுவுற பீக்கர் குறையுதா? இல்லேல்ல?"

எதற்காக இத்தனை பாடு என்றால், ஒரு சிட்டிகைச் சேற்றில் எத்தனையோ வகைக் கிருமிகள் இருக்கின்றன. தட்டில் கடல்பாசிபோல உறையவைத்த சத்தின் மேல் அந்தச் சேற்றைத் தடவினால் முளைப்பது ஒன்றிரண்டு வகைதான். பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களைப்போல, வேகமாகத் தின்று வேகமாகப் பெருகுகிறவை மொத்தத்தையும் பிடித்துக்கொள்ளும். மெதுவாக வளர்கிறவற்றுக்கு நிற்கவும் இடம் கிடைக்காது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உயிரோடு நெளியும், தட்டில் போட்டால் வராது. அப்படிப்பட்டதைத் தனியாகப் பிடித்து, தனிக் குழியில் வைத்து, அதற்குப் பிடித்த சத்தை மட்டும் கொடுத்து வளர்த்துப் பார்ப்பதுதான் அங்கே நடந்த வேலை.

அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது ஆராய்ச்சி படிக்கும் ஒரு பெண். மணமேல்குடிக்காரி. அப்பாவை அத்தா என்பாள், அவர் ரொம்ப வருஷமாக வளைகுடாவில். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தால், மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமலேயே வீட்டுக்குத் திரும்பிப் போகும். அவள் ஊர்க் கடலோரச் சேற்றில் ஒரு கிருமியைக் கண்டுபிடித்திருந்தாள். மெல்லிசாக, லேசாக முறுக்கிக்கொண்டு, சேமியாத் துண்டுபோல இருக்கும். லேபில் அதற்குப் பேரே சேமியாதான். தட்டில் ஒரு தடவைகூட வந்ததில்லை. அதனால்தான் வெளிச்சத்தால் ஒவ்வொன்றாகப் பிடித்துக் குழிகளில் வைத்துப் பார்த்தாள். நாலு வருஷமாக ஒரு குழியிலும் வளரவில்லை.

தை மாதத்தோடு அவளுடைய உதவித்தொகைக் காலம் முடிகிறது. அதற்குள் ஒரே ஒரு குழியிலாவது சேமியா பெருகியாக வேண்டும். உயிரோடு வளர்ந்த ஒன்றைக் காட்ட முடியாவிட்டால் பட்டம் இல்லை, அத்தனை வருஷமும் வீண். திரும்பப் போய்ச் சேறு எடுத்து வரலாம் என்றால் அந்த இடத்தில் படகு நிறுத்தக் கல் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். பக்கத்தில் தோண்டிப் பார்த்ததில் சேமியா இல்லை. குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ரெண்டே ரெண்டு ட்யூப் சேறு மீதி இருந்தது.

இது இப்படி இருக்கும்போது, வைகாசியில் என் மனைவி இறந்துபோனாள்.

ஒரு வியாழக்கிழமை காலை. தோசைக்கல் அடுப்பில் இருந்தது. நான் கூடத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். கரண்டி விழுந்த சத்தம் கேட்டு உள்ளே போனேன். தரையில் கிடந்தாள். தோசை கருகிக்கொண்டிருந்தது. நான் முதலில் கேஸை அணைத்தேன். பிறகுதான் குனிந்தேன். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, முதலிலேயே குனிந்து பார்த்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார். நான் அதைக் கேட்கவே இல்லை. அவராகச் சொன்னார். யாரிடமோ நான் கேஸைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும்.

துக்கம் கேட்க வந்தவர்கள் பலர் என் ரெண்டு தோளையும் பிடித்து உலுக்கி அழுதார்கள். "அழுதுருங்க, உள்ள வச்சுக்காதீங்க" என்றார்கள். உள்ளே ஒன்றும் இருந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. சிலர் என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். கல்லூரி வாசல் டீக்கடைக்காரர் மட்டும் வந்தார், ஒரு நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தார், கொஞ்ச நேரம் போனதும் "வாரேன்ணே" என்று எழுந்து போய்விட்டார். அன்றைக்கு வந்தவர்களில் எனக்கு ஞாபகம் இருப்பது அவர்தான்.

பதினாறு முடிந்து வேலைக்குப் போனேன். வேலையெல்லாம் சரியாகத்தான் செய்தேன். திங்கள்கிழமை தோறும் லேசரின் பலத்தை மீட்டர் வைத்து அளந்து நோட்டில் எழுதினேன். கண்ணாடி கோணினால் திருகி நிமிர்த்தினேன். பேச்சு மட்டும் குறைந்துபோனது. டீக்கடையில் ஒரு நாள் அவர் சொன்னார்:

"அண்ணே, டீ ஆறிப்போச்சு."

"சரி."

"ஆறிப்போச்சுங்கிறேன். தெரியாமயே குடிக்கிறீங்க. ஊத்திட்டு வேற தாரேன் குடுங்க."

கொடுத்தேன். வேறு வந்தது. அதுவும் எனக்கு அதே மாதிரிதான் இருந்தது. விராலிமலையில் கட்டிக்கொடுத்த மகள் சாயங்காலம் போன் போட்டு "சாப்பிட்டீங்களாப்பா" என்பாள். சாப்பிட்டேன் என்பேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும்.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது.

கடை வைத்திருந்த காலத்திலிருந்தே அந்த நாள் எனக்கு விசேஷம். ஸ்க்ரூடிரைவர் முதல் சால்டரிங் அயர்ன் வரை கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து அடுக்கி, அன்றைக்கு எதையும் தொடாமல் சும்மா விடுவோம். லேபுக்கு வந்த முதல் வருஷமே அக்காவும் நானும் ஓர் ஒப்பந்தம் பண்ணிக்கொண்டோம். மெஷினுக்குப் பொட்டு உண்டு, ஆனால் மேசைக்காலில்தான். சூடம், சாம்பிராணி எல்லாம் வராந்தாவில்தான். புகை என்பது லென்ஸுக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஊதுபத்தி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிளேயரை வைத்துவிட்டு, படம் வரவில்லை என்று கொண்டுவந்தவர்கள் எத்தனை பேர்! அக்காவும் வருஷா வருஷம் வராந்தாவிலேயே புகை போட்டுவிட்டு, "வாசனை தானா உள்ள போவும், அத யாரு தடுக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லி நிறுத்திக்கொள்வார்.

இந்த வருஷம் என் வீட்டில் சாவு. ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. பூஜை நடக்கும் இடத்தில் நான் நிற்கவும் கூடாது. அந்த ரெண்டு நாளும் மகள் வீட்டுக்குப் போய்விட்டேன். புகையை வராந்தாவோடு நிறுத்துங்கள் என்று கிளம்பும்போது அக்காவிடம் சொல்லியிருக்கலாம். ஞாபகம் இருந்தது. வாசலில் அவரைப் பார்க்கவும் செய்தேன். வாய் வரவில்லை. ஏன் என்று இன்றுவரை யோசித்துப் பார்த்துவிட்டேன். அது ஒரு காரியமாகவே படவில்லை, அவ்வளவுதான்.

நான் இல்லாத ரெண்டு நாளில் நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அக்கா அந்த வருஷம் பூஜையை ரொம்ப அக்கறையாகச் செய்திருக்கிறார். என் வீட்டில் இப்படி ஆகிவிட்டதே, ஏதோ கண்ணு பட்டிருக்கிறது, என் மெஷினுக்காவது நன்றாகச் சுற்றிப் போடவேண்டும் என்று அவருக்கு மனசில். மேசையைத் துடைத்தார். பெட்டி மூடியைத் தூக்கி வைத்தார். தணல் போட்ட சட்டியில் சாம்பிராணியை அள்ளிப் போட்டு, திறந்த பெட்டிக்கு மேலே மூன்று சுற்று சுற்றினார். உள்ளே இருந்த கண்ணாடிகளெல்லாம் புகையில் மறைந்து திரும்பத் தெரியும்வரை நின்று கும்பிட்டிருக்கிறார். பிறகு மூடியைப் பத்திரமாக மூடி அதன் மேல் பொட்டு வைத்தார்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள், மீதி இருக்கிற ட்யூப்பில் ஒன்றை அன்றைக்கு ஆரம்பி என்று பேராசிரியை மேடம் சொல்லியிருந்தார்கள். "எனக்கு எல்லா நாளும் நல்ல நாள்தான் மேடம், ட்யூப்தான் ரெண்டே ரெண்டு" என்றாளாம் அந்தப் பெண். ஆனாலும் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு, சேற்றுத் தண்ணீரை உள்ளே விட்டு, சேமியாவைத் தேடிப் பிடித்தாள். பிடிபட்டது. தள்ளினால் நழுவியது. திரும்பப் பிடித்தாள், திரும்ப நழுவியது. சாயங்காலம் வரை போராடி அவளால் குழிக்குள் கொண்டுசேர்க்க முடிந்தது ஒன்பதே ஒன்பது. மற்ற நாளில் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை.

நான் திரும்பி வந்த காலையில் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, என் கைக்கு என்னமோ ஆயிப்போச்சு. புடிக்கிறேன், ஆனா நிக்க மாட்டேங்குது. ஒரு ட்யூப்பு போச்சுண்ணே. முழுசா போச்சு."

"கையில்ல. இரு, பாக்குறேன்."

மூடியைத் திறந்தேன். திறந்ததும் வாசனை வந்தது. கோயில் வாசனை. முதல் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தேன். குளிர்ந்த டம்ளரின் மேல் ஆவி படிந்த மாதிரி வெள்ளையாக ஒரு படலம். அடுத்ததிலும் அதே. லென்ஸ்களிலும் அதே. கை தானாக இழுப்பறையைத் திறந்தது. ஸ்பிரிட், லென்ஸ் துடைக்கும் தாள், பஞ்சுக்குச்சி. ஒவ்வொன்றாக, ஒரே சுற்று, புதுத் தாள், ஒரே சுற்று. பக்கத்தில் நின்ற பெண் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடித்து மீட்டரை வைத்தேன். முள் பழைய இடத்துக்கு வந்து நின்றது.

"இப்ப சரியாயிருச்சு."

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. துடைப்பதற்கு முன்னால் அளக்கவில்லை. எந்த மெக்கானிக்கும் செய்யக் கூடாத காரியம். எவ்வளவு கெட்டிருந்தது என்று தெரிந்துகொண்டுதான் கை வைக்க வேண்டும். கை முந்திக்கொண்டது. தாள்களையெல்லாம் குப்பைக்கூடையில் போட்டாகிவிட்டது. அன்றைக்கு அதனால் என்ன என்றுதான் நினைத்தேன்.

அக்கா வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

"எம்மேலதான தம்பி தப்பு?"

அந்தப் பெண் திரும்பினாள். "அக்கா, மூடிய எதுக்குத் தொறந்தீங்க? யாரு தொறக்கச் சொன்னா? அது ஒங்க வீட்டு சாமி ரூமா?"

"சாமி உள்ள போவணும்லம்மா. மூடி மேல சுத்துனா பெட்டிக்குத்தான சுத்துன மாதிரி இருக்கும்?"

"நாலு வருசம்க்கா! நாலு வருசத்துல மிஞ்சுனது ரெண்டு ட்யூப்பு!"

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். மற்ற நாளாக இருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்திருப்பேன். அதற்குத்தான் நான் பேர் போனவன். அன்றைக்கு "பரவாயில்லக்கா" என்றேன். பஸ்ஸில் யாரோ காலை மிதித்ததற்குச் சொல்வதுபோல இருந்தது. அது எனக்கே கேட்டது.

ரெண்டாவது ட்யூப்பை அன்றே ஆரம்பித்தோம். லேசர் நல்ல பலத்தோடு இருந்தது. சேமியாக்கள் ஒவ்வொன்றாக ஆணி அடித்தாற்போல நின்றன. தள்ளிய இடத்துக்கெல்லாம் போயின. ரெண்டு நாளில் எழுபதுக்கு மேல் குழிகளை நிரப்பினாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. விஜயதசமியன்று நிரப்பிய குழித்தட்டில் இருந்த ஒன்பதைத் தூக்கிப் போடலாமா என்று கேட்டாள். வடிகட்டிய கடல்தண்ணீரும் சேற்றுச் சாறும் ஏற்கெனவே ஊற்றியாகிவிட்டது, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றேன். மூடியில் தேதி எழுதி, ரெண்டு தட்டையும் சூடு மாறாத இருட்டுப் பெட்டியில் வைத்தோம்.

ஐப்பசி வந்தது. மழை பிடித்துக்கொண்டது. லேபின் மேற்குச் சுவர் ஈரம் ஊறி ஓதம் காத்தது. வெள்ளிக்கிழமை தோறும் தொழுகை நேரத்துக்கு முன்பே அவள் தட்டுகளை எடுத்துக் குழி குழியாகப் பார்ப்பாள். முதலில் எழுபது. ஒன்றுமில்லை. ஒன்பதை அவசரமாக ஒரு பார்வை. ஒன்றுமில்லை. பார்த்துவிட்டு நோட்டில் கோடு போடுவாள். கோடு போடும் பேனாச் சத்தம் எனக்குக் கேட்கும். நான் என் மேசையில் ஏதாவது திருகிக்கொண்டிருப்பேன். அக்கா அந்த நேரத்தில் உள்ளே வரவே மாட்டார். வெளியே நின்று, அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு போய்விடுவார்.

கார்த்திகையில் அவள் அம்மா போனில் கேட்டது எனக்கும் கேட்டது. "எப்பம்மா முடியும்?" இவள் சொன்னாள்: "தைக்குள்ளம்மா." "முடியுமா?" "தெரியலம்மா." போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"ஒங்களுக்குப் பயமா இல்லியாண்ணே? நீங்க மட்டும் எப்புடி ஒண்ணுமே ஆவாத மாதிரி இருக்கீங்க?"

"எனக்கு எதுவும் தோணலம்மா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவள் சங்கடப்பட்டுப்போனாள். "மன்னிச்சுக்கங்கண்ணே" என்றாள். எதற்கு என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை பேனாச் சத்தம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணே, இங்கிட்டு வாங்க. இந்தக் குழி கலங்கியிருக்கா, இல்ல என் கண்ணு கலங்கியிருக்கா?"

பார்த்தேன். ரெண்டு குழிகள் லேசாக மங்கியிருந்தன. அரிசி கழுவிய ரெண்டாவது தண்ணீர் மாதிரி.

"வேற எதாச்சும் விழுந்திருக்கும்" என்றாள். சொல்லிக்கொண்டே ஒரு துளியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். குனிந்தாள். ரொம்ப நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்து நாற்காலியை எனக்கு விட்டாள். உள்ளே பார்த்தால் சேமியா. ஒன்றல்ல, பத்தல்ல. எங்கே பார்த்தாலும் முறுக்கிக்கொண்டு மெதுவாக நீந்திக்கொண்டிருந்தன.

"எந்தத் தட்டு?" என்றேன்.

மூடியைத் திருப்பிப் பார்த்தாள். விஜயதசமித் தேதி. சாம்பிராணித் தட்டு. ஒன்பதில் ரெண்டு வளர்ந்திருந்தது. நல்ல லேசரில் பிடித்த எழுபதில் ஒன்றுகூட இல்லை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ரெண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவளாகவே சொன்னாள்.

"அழுத்திப் புடிச்சதுலதாண்ணே செத்துருக்கு. நழுவக் கூடாதுன்னு ஃபுல் பவர் வச்சு, வச்சு... நாலு வருசமா நாமளேதான் கொன்னுருக்கோம். குழியில வைக்கிறப்பவே செத்ததத்தான் வச்சுருக்கோம். அன்னிக்குப் பொகையில வெளிச்சம் கொறைஞ்சதாலதான் இது ரெண்டும் பொழச்சிருக்கு."

வாசலில் அக்கா நின்றார். அவள் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஈரக்கையை ரெண்டு பக்கமும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, என்னம்மா, நான் எதையும் தொடலம்மா" என்றார்.

மேடம் வந்து பார்த்தார்கள். சந்தோஷப்பட்டார்கள். முதல் கேள்வியே அதுதான்.

"அன்னிக்கு லேசர் பவர் எவ்வளவு இருந்துச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"அளக்கலிங்க மேடம்" என்றேன். "அளக்காமயே தொடச்சுட்டேன்."

"தொடச்ச தாளு?"

"குப்பையில போட்டாச்சு."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்கள். கோபப்படவில்லை. "அந்த நம்பர் இல்லாம இத எழுத முடியாதே" என்றார்கள். "ஒருத்தர் வாசிச்சா, அதே மாதிரி அவங்களும் செஞ்சு பாக்கணும். எவ்வளவு வெளிச்சத்துல புடிச்சேன்னு கேட்டா இவ என்ன எழுதுவா? மூணு சுத்து சாம்பிராணின்னா?"

அக்கா வெளியிலிருந்து, "கணக்குக்கு மூணு சுத்துதான் மேடம். நெறையவெல்லாம் போடல" என்றார். மேடமே சிரித்துவிட்டார்கள். நானும் உதட்டை அசைத்தேன் என்று நினைக்கிறேன்.

தை பிறக்க மூன்று வாரம் இருந்தது. வளர்ந்தது இருக்கிறது, எப்படி வளர்ந்தது என்று சொல்ல வழியில்லை. என் கைதான் அதைத் துடைத்தது. கேஸை அணைத்த அதே கை. வீட்டுக்குப் போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வருத்தம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. ஆனால் ஒரு யோசனை வந்தது. கெட்ட பிளேயரில் என்ன கோளாறு என்று மீட்டர் சொல்லாதபோது, கொண்டுவந்தவரிடமே கேட்பேன். எப்படி நின்றது, திக்கி நின்றதா, சட்டென்று நின்றதா, பாட்டு இழுத்துக்கொண்டு நின்றதா என்று. அவர் வாயாலேயே சொல்லவைப்பேன். பாதிக் கோளாறு அதில் பிடிபட்டுவிடும்.

மறுநாள் காலையில் அவளை உட்காரவைத்தேன்.

"அன்னிக்கு எப்புடி நழுவுச்சு? சொல்லு."

"நழுவுச்சுண்ணே. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னு ஒண்ணு கெடையாது. புடிச்ச ஒடனேயா, தள்ளுறப்பவா?"

யோசித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். விரல் மட்டும் புள்ளியை நகர்த்தும் ஜாய்ஸ்டிக்கின் மேல் லேசாக அசைந்தது. "நேரா தள்ளுனா வந்துச்சு. வாய்க்கா திரும்புற எடத்துலதான். வேகமா திருப்புனா விட்டுரும். மெதுவா, மூச்சப் புடிச்சுக்கிட்டு திருப்புனா வரும். அதுவும் ஒவ்வொரு தடவையும் இல்ல."

"போதும். வளந்துருக்கறதுல ஒரு துளி எடு. புடி. நான் கொறைச்சுக்கிட்டே வாரேன். அதே மாதிரி வந்ததும் சொல்லு."

ஜன்னலில் கறுப்புத் துணி. நான் லேசரின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைப் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். முழுப் பலத்தில் ஆரம்பித்தோம். "ஆணி" என்றாள். கொஞ்சம் குறைத்தேன். "ஆணி." இன்னும் குறைத்தேன். "ம்ஹும்." பாதிக்கும் கீழே வந்தோம். "இன்னும் ஸ்ட்ராங்கா இருக்குண்ணே." கால் பங்குக்கும் கீழே போனது முள். வளைவில் ஒன்று நழுவியது. அவள் முதுகு நிமிர்ந்தது. "இன்னும் ஒரு பொட்டு" என்றாள். ஒரு பொட்டு குறைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினாள். வந்தது. மறுபடி வேகமாகத் திருப்பினாள். விட்டுவிட்டது.

"இதாண்ணே. இதேதான். கைக்குத் தெரியுது."

மூன்று தடவை திரும்பச் செய்யச் சொன்னேன். நான் அவளிடம் முள்ளைக் காட்டவில்லை. மூன்று தடவையும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிறுத்தினாள். நோட்டில் எழுதினேன். தேதி, மணி, முள் நின்ற இடம். எழுதிவிட்டுத்தான் திருகிலிருந்து கையை எடுத்தேன்.

அந்தப் பலத்தில் இருபது, முழுப் பலத்தில் இருபது என்று வளர்ந்ததிலிருந்தே பிடித்துப் புதுத் தட்டில் வைத்தாள். ஏற்கெனவே குழியில் வாழப் பழகிவிட்டதாலோ என்னவோ, இந்தத் தடவை அதிக நாள் எடுக்கவில்லை. பொங்கலுக்கு முந்தின வாரமே பதில் வந்துவிட்டது. குறைந்த வெளிச்சத்தில் பிடித்ததில் பாதிக்கு மேல் கலங்கியிருந்தது. மற்ற இருபதும் தெளிந்த தண்ணீராகவே கிடந்தன. சேற்று ட்யூப்பின் அடியில் வழித்து எடுத்த கடைசிச் சொட்டிலிருந்தும் அதே குறைந்த வெளிச்சத்தில் நாலு பிடித்திருந்தாள். வளர்ந்த குழியின் தண்ணீரை வடிகட்டிச் சேர்த்ததாலோ என்னவோ, அதிலும் ஒன்று சீக்கிரமே கலங்கியது. மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "எழுதும்மா" என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் நாலு வருஷம் குனிந்திருந்தாள்.

அன்றைக்கு மதியம் அவள் டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். எனக்கும் அக்காவுக்கும் பகிர்ந்து கொடுத்தாள். மீன் குழம்பு. அக்கா, "நம்ம புண்ணியத்துல முடிஞ்சுச்சுல்ல, அடுத்த வருசமும் மூடியத் தொறந்துரவா?" என்று கேட்டு அவளிடம் முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "அடுத்த பூசைக்கு ஒங்களுக்கு வருசம் திரும்பிரும் தம்பி. நீங்களே பண்ணுங்க. நான் வராந்தாவுல நிக்கிறேன்" என்றார். சரி என்றேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் பெரிய ட்யூப் ஒன்றைக் கொண்டுவந்தாள். குழியிலிருந்து மாற்றி வளர்த்தது. இப்போது கண்ணுக்கே தெரியும், பாருங்கள் என்று என் கையில் கொடுத்தாள். ஜன்னலில் இருந்த கறுப்புத் துணியை ஒரு ஓரம் விலக்கி, ட்யூப்பைச் சாய்த்துப் பிடித்தேன். அடியிலிருந்து மெல்லிசாக ஒன்று எழுந்து, சுருண்டு, தண்ணீருக்குள் மெதுவாகப் பிரிந்தது. புகை மாதிரியே இருந்தது. வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் என் மனைவி தலைமுடிக்குச் சாம்பிராணி காட்டும்போது புகைச்சட்டியை மூடிய கூடைக்கு மேலே எழுமே, அந்த மாதிரி. திரும்பச் சாய்த்தேன். திரும்ப எழுந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை.

"அண்ணே" என்றாள் பின்னாலிருந்து. "ரொம்ப நேரம் வெளிச்சத்துல வைக்காதீங்க. தாங்காது."

துணியை இழுத்து மூடினேன். ட்யூப்பை இருட்டுப் பெட்டிக்குள் அதன் இடத்தில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.